சிஸ்டீனைத் தொடாத என்சைம் செத்த என்சைமா?

உங்கள் கேள்வியை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். முதுநிலை ப்ராஜெக்டுக்காக ‘ரீகாம்பினன்ட் ஹியூமன் செலினோசிஸ்டீன் லையேஸ்’ என்ற என்சைமை 50 மைக்ரோகிராம் வாங்கியிருக்கிறீர்கள். செலினோசிஸ்டீன் என்பது சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் கந்தகத்துக்குப் பதில் செலினியம் உள்ள வடிவம், அதை உடைப்பதுதான் இந்த மனித என்சைமின் வேலை. ஈ. கோலை பாக்டீரியாவில் தயாரித்தது, பிரித்தெடுக்க வசதியாக ஹிஸ் டேக் என்ற சிறு வால் உள்ளது, தூய்மை 90 சதவீதத்துக்கு மேல் என்று டேட்டாஷீட்டில் போட்டிருக்கிறது. செலினோசிஸ்டீன் விலை அதிகம் என்பதால் அதற்குப் பதிலாக சாதாரண சிஸ்டீனைக் கொடுத்து, ஹைட்ரஜன் சல்ஃபைடு வருகிறதா என்று, அது பட்டால் கறுக்கும் லெட் அசிடேட்டை வைத்துப் பார்த்தீர்கள். இரவு முழுக்க வைத்தும் கறுப்பே வரவில்லை. ‘பாக்டீரியாவில் செய்ததால் செலினியம் சேராமல், செத்த என்சைமாக வந்துவிட்டதா?’ என்று கேட்கிறீர்கள்.

இதில் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இந்த என்சைம் சிஸ்டீனை உடைக்க வேண்டுமா? பாக்டீரியாவில் செய்தால் இதற்கு வேண்டிய செலினியம் கிடைக்காமல் போகுமா? இப்போது உங்கள் டியூபில் இருப்பது உயிரோடு இருக்கிறதா? முதல் இரண்டுக்கும் உறுதியான பதில் இருக்கிறது, இரண்டுக்கும் ‘இல்லை’ என்பதே பதில். மூன்றாவதை உங்கள் டியூபைப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்ல முடியும். இருபது வருடமாகப் புரதங்களைப் பிரித்தெடுக்கும் வேலையில் இருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் பிரிடாக்ஸால் பாஸ்ஃபேட் என்ற துணைப்பொருளை வைத்து இயங்கும் என்சைம்கள்தான், உங்களுடையதும் அந்தக் குடும்பம். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

சிஸ்டீன் விஷயத்துக்கு வருவோம். 1982-இல் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் எசாகி, சோடா ஆகியோரின் குழு பன்றி ஈரலிலிருந்து இந்த என்சைமை முதன்முதலாகத் தூய்மையாகப் பிரித்தெடுத்தது. எல்-செலினோசிஸ்டீனை எடுத்து, அதிலிருந்து செலினியத்தைக் கழற்றி, மீதியை அலனினாக விட்டுவிடும். டிடிடி (டைதயோத்ரைட்டால்) போன்ற ஒடுக்கி பக்கத்தில் இருந்தால் கழன்ற செலினியம் ஹைட்ரஜன் செலினைடாக வெளிவரும். இந்த வேலையை அது செலினோசிஸ்டீனிடம் மட்டும்தான் செய்யும் என்று அந்த முதல் கட்டுரையே சொல்லிவிட்டது. அப்புறம் இன்னொன்றும் சொன்னது. சிஸ்டீன் இந்த என்சைமுக்குப் போட்டித் தடுப்பான். அதாவது சிஸ்டீன் போய் அதே இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது, ஆனால் உடைபடுவதில்லை. செலினோசிஸ்டீனுக்கான கே.எம். (என்சைம் தன் உச்ச வேகத்தில் பாதியை எட்டும் செறிவு) 0.83 மில்லிமோலார், சிஸ்டீனுக்கான கே.ஐ. (தடுப்பான் எவ்வளவு வலுவாகப் பிடிக்கிறது என்பதன் அளவு) 1.0 மில்லிமோலார். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கே.எம். என்பது பிடிப்பின் வலுவை நேரடியாகக் காட்டும் அளவு இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் சிஸ்டீனை இந்த என்சைம் வாசலிலேயே திருப்பி அனுப்பவில்லை என்பது தெரிகிறது. உள்ளே விடுகிறது, இடம் கொடுக்கிறது, வெட்டும் கட்டம் வரும்போது கை வைக்க மறுக்கிறது. ஆகவே நீங்கள் கண்ட ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்பது, நல்ல நிலையில் உள்ள மனித என்சைமிடம் எதிர்பார்க்க வேண்டிய விடைதான். செத்த என்சைமும் அதே விடையைத்தான் தரும் என்பதால் இதை வைத்து அது உயிரோடு இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. உங்கள் சோதனை இரண்டு நிலைகளையும் பிரித்துக் காட்டாத சோதனை, அவ்வளவுதான்.

சிஸ்டீனை வைத்து சமாளிக்கலாம் என்று நீங்கள் நினைத்ததில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் இதன் உறவுக்கார என்சைம்கள் பல சிஸ்டீனையும் உடைக்கின்றன. ஈ. கோலையில் உள்ள இஸ்க்-எஸ், சுஃப்-எஸ் என்ற என்சைம்கள் சிஸ்டீனிலிருந்து கந்தகத்தையும் எடுக்கும், செலினோசிஸ்டீனிலிருந்து செலினியத்தையும் எடுக்கும். நம் மைட்டோகாண்ட்ரியாவில் என்.எஃப்.எஸ்.1 என்று ஒன்று இருக்கிறது, இரும்பு-கந்தகக் கொத்துகளைக் கட்டுவதற்காக சிஸ்டீனிலிருந்து கந்தகத்தை எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. எல்லாம் ஒரே அமைப்பு, ஒரே பிரிடாக்ஸால் பாஸ்ஃபேட், வினை நடக்கும் விதமும் ஏறத்தாழ ஒன்று. சிஸ்டீனுக்கும் செலினோசிஸ்டீனுக்கும் உள்ள வேறுபாடும் ஒரே ஓர் அணுதான். தனிம அட்டவணையில் கந்தகத்துக்கு நேர் கீழே செலினியம் உட்கார்ந்திருக்கிறது. கொஞ்சம் பெரிய அணு, குணம் கிட்டத்தட்ட அதே. பெரிய வித்தியாசம் என்றால் அமிலத் தன்மையில்தான். செலினோசிஸ்டீனின் பக்கச் சங்கிலி பி.எச். 5-ஐத் தாண்டியதுமே ஹைட்ரஜனை விட்டுவிடும். சிஸ்டீனுக்கு அது 8-ஐத் தாண்ட வேண்டும். உடலின் பி.எச்.சில் ஒன்று மின்னூட்டத்தோடு இருக்கும், மற்றது பெரும்பாலும் ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

இவ்வளவு சிறிய வேறுபாட்டை மனித என்சைம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதற்கு 2012-இல் ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் ஒரு நல்ல விடை கொடுத்தார்கள். மனித என்சைமின் படிக அமைப்பை எக்ஸ்-ரே மூலம் தீர்த்து, வினை நடக்கும் குழிக்குள் 146-ஆவது இடத்தில் உள்ள ஆஸ்பார்ட்டிக் அமிலத்தைச் சுட்டிக்காட்டினார்கள். அந்த ஒன்றை மட்டும் லைசினாக மாற்றியதும், செலினியத்துக்கு மட்டும்தான் என்ற பிடிவாதம் போய்விட்டது. சிஸ்டீனிலிருந்து கந்தகத்தை எடுக்கும் வேலை புதிதாக வந்துவிட்டது. 445 அமினோ அமிலங்களில் ஒன்றை மாற்றினால் என்சைமின் குணமே மாறுகிறது. நான் படித்த புரதக் கட்டுரைகளில் மனதை விட்டு அகலாதவற்றில் இது ஒன்று. 146-ஆம் இடம் முக்கியம் என்பது சோதனையில் நிரூபிக்கப்பட்டது, அதில் சந்தேகமில்லை. அந்த ஆஸ்பார்ட்டிக் அமிலம் எந்தக் கட்டத்தில், எந்த புரோட்டானை எங்கே நகர்த்தி இதைச் சாதிக்கிறது என்பதற்கான விளக்கம் கணிப்பொறிக் கணக்குகளையும் சார்ந்து நிற்கிறது. அதை முடிந்த முடிவாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

இந்தப் பிடிவாதம் எதற்கு என்று கேட்டால், செல்லுக்குள் சிஸ்டீன் செலினோசிஸ்டீனைவிடப் பல மடங்கு அதிகம். இரண்டையும் உடைக்கும் என்சைம் ஒன்று சைட்டோபிளாசத்தில் சும்மா திரிந்தால், அது நாள் முழுக்கக் கந்தகத்தைத்தான் கழற்றிக்கொண்டிருக்கும். நமக்குத் தேவையான செலினியமோ மிகக் குறைவு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 55 மைக்ரோகிராம் போதும் என்பது அமெரிக்கப் பரிந்துரை. இவ்வளவு கொஞ்சமாக வருவதை வீணாக்காமல் திரும்பத் திரும்ப எடுத்துப் பயன்படுத்த உடலுக்கு ஒரு வழி வேண்டும், அந்த வழியில் உள்ள ஒரு கண்ணிதான் உங்கள் டியூபில் இருக்கும் புரதம். ஈரல் ‘செலினோபுரதம் பி’ என்ற ஒன்றைச் செய்து இரத்தத்தில் விடுகிறது. ஒரு மூலக்கூறில் பத்து செலினோசிஸ்டீன்கள். மூளை, சிறுநீரகம், விந்தகம் ஆகியவை அதை உள்ளே இழுத்து லைசோசோமில் செரிக்கின்றன. அப்படிக் கிடைக்கும் செலினோசிஸ்டீனைத்தான் லையேஸ் உடைக்கிறது. சாப்பாட்டில் வரும் செலினோமெத்தியோனினும் சில படிகள் கடந்து செலினோசிஸ்டீனாகி இதே இடத்துக்கு வந்து சேரும்.

செலினோசிஸ்டீன் கையில் இருக்கும்போது அதை அப்படியே புதுப் புரதத்தில் வைத்துக்கொள்ளாமல் ஏன் உடைக்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு, நல்ல கேள்வி அது. மற்ற இருபது அமினோ அமிலங்களும் தனியாகக் கிடந்து, புரதம் கட்டும் இடத்துக்குத் தம்மைச் சுமந்து செல்லும் டி-ஆர்.என்.ஏ.வில் ஏறிக்கொள்கின்றன. செலினோசிஸ்டீனுக்கு அந்த வழி கிடையாது. டி-ஆர்.என்.ஏ.வின் மேலேயே, அங்கே முதலில் ஏற்றி வைத்த செரினை மாற்றித்தான் அது உருவாக வேண்டும். அதற்கு செலினியம் செலினோபாஸ்ஃபேட் என்ற வடிவில் வேண்டும். செலினோபாஸ்ஃபேட் செய்ய செலினைடு வேண்டும். ஆகவே பழைய செலினோசிஸ்டீனைச் செலினைடு வரை பிரித்துவிட்டுத்தான் புதிதாகக் கட்ட முடியும். இது உறுதியாகத் தெரிந்த விஷயம்.

சரி, இரண்டாவது கேள்வி. ‘செலினியத்தோடு வேலை செய்யும் என்சைம், அதனால் அதற்குள்ளும் செலினியம் இருக்கும்’ என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு வருகிறது. செலினோசிஸ்டீன் லையேஸ் ஒரு செலினோபுரதம் இல்லை. அதன் அமினோ அமில வரிசையில் செலினோசிஸ்டீன் ஒன்றுகூடக் கிடையாது. வினைக்கு முக்கியமான 388-ஆம் இடத்தில் இருப்பதும் சாதாரண சிஸ்டீன்தான். கழன்ற செலினியத்தை வாங்கிப் பிடிப்பது அது. எனவே ஈ. கோலை இதைச் செய்வதில் செலினியம் சம்பந்தப்பட்ட தடை எதுவும் இல்லை. ஸ்டாக்ஹோம் குழு படிகமாக்கியதும் ஈ. கோலையில் செய்த மனித என்சைமைத்தான்.

உங்கள் பயம் வேறு சில புரதங்களுக்கு முற்றிலும் பொருந்தும் என்பதையும் சொல்ல வேண்டும். மனிதரில் 25 செலினோபுரத மரபணுக்கள் இருக்கின்றன. குளுடாதயோன் பெராக்சிடேஸ், தயோரெடாக்சின் ரிடக்டேஸ் எல்லாம் இதில் சேர்த்தி. இவற்றில் செலினோசிஸ்டீன் வரும் இடத்தில் மரபணுவில் எழுதியிருப்பது யு.ஜி.ஏ. மற்ற இடங்களில் ‘இத்தோடு நிறுத்து’ என்று பொருள்படும் அதே மூன்றெழுத்து. 1986-இல் இதைக் கண்டபோது பலருக்கும் நம்புவதற்குக் கடினமாக இருந்தது. இங்கே நிறுத்தாதே, செலினோசிஸ்டீன் வை என்று ரைபோசோமுக்குச் சொல்வது ஆர்.என்.ஏ.வில் உள்ள ஒரு மடிப்பு. மனித மரபணுவில் அந்த மடிப்பு புரதக் குறியீடு முடிந்த பிறகு, வால் பகுதியில் இருக்கும். பாக்டீரியாவில் அது யு.ஜி.ஏ.வுக்கு அடுத்தபடியாகவே, குறியீட்டுக்குள்ளேயே இருக்கும். மனித மரபணுவை அப்படியே ஈ. கோலையில் போட்டால், அதற்கு இந்த மடிப்பு புரியாது. யு.ஜி.ஏ. வந்ததும் நிறுத்திவிடும், பாதிப் புரதம்தான் கிடைக்கும்.

இதைச் சுற்றிப் போக இரண்டு வழிகள். ஒன்று, பாக்டீரியாவின் மடிப்பையே ஒட்ட வைப்பது. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ஆர்னேரின் குழு 1999-இல் எலியின் தயோரெடாக்சின் ரிடக்டேஸை இப்படி ஈ. கோலையில் செய்து காட்டியது. அந்தப் புரதத்தில் செலினோசிஸ்டீன் கடைசிக்கு முந்திய இடத்தில் இருப்பதால், மடிப்பை அதற்குப் பின்னால் வைத்தாலும் புரதத்தின் வரிசை கெடவில்லை. இன்னொரு வழி, செலினோசிஸ்டீனை சிஸ்டீனாக மாற்றி எழுதிவிடுவது. சுலபம், ஆனால் அதற்கு விலை உண்டு. தயோரெடாக்சின் ரிடக்டேஸில் அப்படி மாற்றினால் வேகம் நூறில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்துவிடும். உங்கள் என்சைமுக்கு அடுத்த படியில் நிற்கும் செலினோபாஸ்ஃபேட் சிந்தடேஸ் 2-உம் ஒரு செலினோபுரதம்தான், அதன் 60-ஆம் இடத்தில் செலினோசிஸ்டீன் இருக்கிறது. இந்த ப்ராஜெக்டில் அதையும் வாங்கும் எண்ணம் இருந்தால், டேட்டாஷீட்டில் 60-ஆம் எழுத்து என்ன என்று பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். ‘யு’ என்று இருந்தால் செலினோசிஸ்டீன், ‘சி’ என்றால் மாற்றி எழுதியது. வரிசையே கொடுக்கவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். சிந்தடேஸ் 1 என்று இன்னொன்று இருக்கிறது, பெயர் ஒன்றாக இருந்தாலும் அது செலினோபாஸ்ஃபேட் செய்வதில்லை. பெயரை மட்டும் பார்த்து அதை வாங்கி ஏமாந்துவிடாதீர்கள்.

இப்போது மூன்றாவது கேள்வி, டியூபில் இருப்பது உயிரோடு இருக்கிறதா. இங்கே எனக்கு முதலில் தோன்றும் சந்தேகம் பிரிடாக்ஸால் பாஸ்ஃபேட் மேல்தான். இனி பி.எல்.பி. என்றே எழுதுகிறேன். இது பி6 வைட்டமினின் செயல்படும் வடிவம், என்சைமின் ஒரு லைசினோடு கட்டுப்பட்டு உட்கார்ந்திருக்கும், அது இல்லாமல் இந்த என்சைம் ஒன்றுமே செய்யாது. ஈ. கோலைக்குள் பி.எல்.பி. உண்டு, என்சைம் உருவாகும்போதே எடுத்துக்கொள்ளும். ஆனால் பிரித்தெடுக்கும்போது, டயாலிசிஸில் (சவ்வுப் பையில் வைத்துச் சிறு மூலக்கூறுகளை வெளியேற்றும்போது), உறைய வைத்து உருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போவது வழக்கம். என் ஆரம்ப நாட்களில் இதே குடும்பத்து என்சைம் ஒன்றை, ஹிஸ் டேக்கைப் பிடித்துக்கொள்ளும் நிக்கல் நிரப்பிய பிரிப்புக் குழாயில் (column) ஓட்டினேன். குழாயிலிருந்து இறங்கிய துளிகள் எலுமிச்சைச் சாறு போல இளமஞ்சளாக வந்தன. புரதத்தைக் குழாயிலிருந்து இறக்கச் சேர்த்த இமிடசோலை முழுக்க எடுத்துவிட வேண்டும் என்று மூன்று முறை டயாலிசிஸ் செய்தேன். மூன்றாம் நாள் காலையில் பையை எடுத்துப் பார்த்தால் தண்ணீர் போல இருந்தது. ஜெல்லில் ஓட்டினால் அழகான ஒற்றைக் கோடு, வேலை மட்டும் பூஜ்யம். பி.எல்.பி. சேர்த்து அரை மணி நேரம் ஐஸில் வைத்ததும் பெரும்பகுதி திரும்பி வந்தது. அன்றிலிருந்து ஜெல்லில் தெரியும் தூய்மையையும் என்சைமின் வேலையையும் நான் சேர்த்துப் பேசுவதே இல்லை. ஜெல்லில் ஏற்றும் முன்பே புரதத்தின் மடிப்பைக் குலைத்துவிடுகிறோம். குலைந்த புரதத்தைப் பார்த்து அது ஒழுங்காக மடிந்திருந்ததா, இரண்டிரண்டாகச் சேர்ந்திருந்ததா, பி.எல்.பி. இருந்ததா என்று எதையும் சொல்ல முடியாது.

அதற்காக உங்கள் டியூபைத் தூக்கிப் பிடித்து மஞ்சளாக இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். இந்தப் புரதத்தின் எடை ஏறத்தாழ 48 கிலோடால்டன். 50 மைக்ரோகிராம் என்றால் ஒரு நானோமோல்தான் வருகிறது. அதை 100 மைக்ரோலிட்டரில் வைத்தால் 10 மைக்ரோமோலார், கண்ணுக்கு நிறம் தெரிகிற அளவே இல்லை. நான் மஞ்சளைப் பார்த்தது ஒரு மில்லிலிட்டரில் பல மில்லிகிராம் இருந்த கரைசலில்.

இன்னொரு விஷயம், இது உங்கள் சோதனையோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. சிஸ்டீன் பி.எல்.பி.யோடு சேர்ந்து வளையம் கட்டிக்கொள்ளும் குணம் உடையது. நிறைய சிஸ்டீனில் இரவு முழுக்க ஊறிய என்சைமிலிருந்து பி.எல்.பி. உருவப்பட்டிருக்கலாம். ஆகவே அந்தச் சோதனையில் மிஞ்சியதை மறுபடி பயன்படுத்த வேண்டாம். தொடாமல் வைத்திருக்கும் பங்கு இருந்தால் அதிலிருந்து எடுங்கள். சிறு சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள், ஒரு முறை உருக்கியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள்.

சோதனைக்கு செலினோசிஸ்டீனையே தேடி அலைய வேண்டியதில்லை. அது காற்று பட்டால் இரண்டிரண்டாக இணைந்து செலினோசிஸ்டினாகிவிடும், கடையில் கிடைப்பதும் பெரும்பாலும் அந்த இரட்டைதான். எல் வடிவமா என்று பார்த்து வாங்குங்கள். டி.எல். கலவை மலிவு என்றாலும் அதில் பாதி கண்ணாடிப் பிம்பம் போன்ற டி வடிவம், அது இந்த என்சைமுக்கு உதவாது. மஞ்சள் தூளாக இருக்கும், நடுநிலை பி.எச்.சில் கரையாமல் அடியில் தங்கும், நீர்த்த காரத்திலோ அமிலத்திலோ கரைத்துவிட்டு பஃபரில் சேர்க்க வேண்டும். அதில் பத்து மடங்கு டிடிடி சேர்த்தால் மஞ்சள் மங்கிப் போகும். இரட்டை பிரிந்துவிட்டது என்பதற்கு அதுதான் கண்ணுக்குத் தெரியும் அடையாளம். நைட்ரஜன் ஊதி மூடி வையுங்கள், அன்றன்றைக்குத் தயாரியுங்கள். வைத்திருந்த கரைசலில் செங்கல் பொடி கலந்தது போல ஒரு சிவப்பு வந்தால், செலினியம் தனிமமாகவே பிரிந்து வருகிறது என்று அர்த்தம், அதைக் கொட்டிவிட்டு வேறு செய்யுங்கள்.

பஃபருக்கு ட்ரைசின், பி.எச். 9. பன்றி ஈரல் என்சைம் மிக வேகமாக இயங்கியது அந்த பி.எச்.சில்தான். அதில் 0.2 மில்லிமோலார் பி.எல்.பி. சேர்த்து, என்சைமையும் போட்டுப் பத்து நிமிடம் வையுங்கள், பிறகு செலினோசிஸ்டீனைச் சேர்த்து வினையைத் தொடங்குங்கள். பி.எல்.பி. டியூபுக்கு அலுமினியத் தாள் சுற்றுங்கள், வெளிச்சத்தில் கெடும். பாஸ்ஃபேட் பஃபர் வேண்டாம், பின்னால் சேர்க்கும் லெட் எல்லாம் பாஸ்ஃபேட்டோடு சேர்ந்து வெள்ளையாக வீழ்படிந்துவிடும். நேரம் முடிந்ததும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்த லெட் அசிடேட்டைச் சேர்த்தால் வினையும் நிற்கும், வந்த செலினைடும் பழுப்பு நிற லெட் செலினைடாகப் பிடிபடும். 400 நானோமீட்டரில் அளக்கலாம். லெட் டிடிடியோடும் ஒட்டும் என்பதால் என்சைம் இல்லாத டியூப் ஒன்று கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும், அதைக் கழிக்காத எந்த எண்ணையும் நம்பாதீர்கள். வசதி இருந்தால் அலனினையும் தனியாக அளந்து பாருங்கள். இரண்டு விளைபொருளும் ஒரே அளவில் ஏறினால் அதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

இதை ஃப்யூம் ஹுட்டுக்கு வெளியே செய்யாதீர்கள். ஹைட்ரஜன் செலினைடு ஹைட்ரஜன் சல்ஃபைடைவிட மோசமான விஷம். பணியிடக் காற்றில் அதற்கு அனுமதித்த அளவு பத்து லட்சத்தில் 0.05 பங்குதான். உங்கள் டியூபில் வரப்போவது மிகக் கொஞ்சம் என்றாலும், அமிலம் சேர்க்கும் அந்த நொடியில்தான் வாயு வெளியேறும், முகம் அருகில் இருக்கக் கூடாது. லெட்டும் செலினியமும் கலந்த கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் தனி பாட்டிலில் சேருங்கள்.

செலினோசிஸ்டீனோடு பழுப்பு வந்துவிட்டால் உடனே சந்தோஷப்படாமல் இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். தூய்மை 90 சதவீதம் என்றால் மீதியில் ஈ. கோலையின் சொந்தப் புரதங்கள் இருக்கும். முன்னே சொன்ன இஸ்க்-எஸ் அதில் துளி இருந்தாலும் செலினோசிஸ்டீனை உடைத்துக் காட்டிவிடும். இங்கேதான் உங்கள் சிஸ்டீன் சோதனை உதவுகிறது. புதுப் பங்கில், பி.எல்.பி. சேர்த்து, சிஸ்டீனை ஒரு டியூபிலும் செலினோசிஸ்டீனை ஒரு டியூபிலும் போட்டு ஒரே நேரத்தில் ஓட்டுங்கள். செலினோசிஸ்டீனில் நிறம் வந்து சிஸ்டீனில் வராவிட்டால், வேலை செய்வது மனித என்சைமாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று எழுதலாம். இரண்டிலும் வந்தால் பாக்டீரியாவின் கலப்படத்தைச் சந்தேகியுங்கள்.

இரண்டிலுமே வரவில்லை என்றால்? அப்போது டேட்டாஷீட்டில் ‘ஆக்டிவிட்டி’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். ரீகாம்பினன்ட் புரதங்களில் பலவும் ஆன்டிபாடிக்கு, ஆன்டிபாடியை வைத்துப் புரதத்தை அடையாளம் காணும் வெஸ்டர்ன் ப்ளாட்டில் அளவுகோலாக வைக்க என்று செய்து விற்கப்படுபவை. யூரியாவில் கரைத்து எடுத்து மறுபடி மடிய விட்டதாகக்கூட இருக்கும். அந்த வேலைகளுக்கு அது போதும், விற்றவர் பொய் சொன்னதாக ஆகாது. என்சைமாகப் பயன்படுத்த வேண்டுமென்றால், ஒரு மில்லிகிராம் புரதம் நிமிடத்துக்கு எத்தனை மைக்ரோமோல் உடைக்கிறது என்று அளந்து எழுதியிருப்பதைத்தான் வாங்க வேண்டும்.

ப்ராஜெக்ட் அறிக்கையில் எழுதும்போது ஓர் இடத்தில் மட்டும் கவனமாக இருங்கள். டியூபில் கிடைக்கும் வேகத்தை வைத்து உடலில் இது இப்படித்தான் நடக்கிறது என்று எழுதிவிட வேண்டாம். செல்லின் பி.எச். 9 கிடையாது. அங்கே தனியாகத் திரியும் செலினோசிஸ்டீன் 0.83 மில்லிமோலாருக்குப் பக்கத்தில்கூட வராது, செலினைடை யாரும் அப்படிச் சும்மா மிதக்கவிடவும் முடியாது. வெட்டிய செலினியத்தை என்சைம் அடுத்த புரதத்தின் கையில் நேரடியாகக் கொடுக்கிறது என்ற கருத்துக்குப் படிக அமைப்பில் இடமிருக்கிறது. 388-ஆம் சிஸ்டீன் இருக்கும் துண்டு அசையக்கூடியது. செல்லுக்குள் அது எப்போதும் அப்படித்தான் நடக்கிறது என்று சொல்ல இன்னும் சான்று வேண்டும். சுண்டெலியில் இந்த மரபணுவை நீக்கிப் பார்த்த ஹவாய் பல்கலைக்கழகக் குழு 2012-இல் வெளியிட்டதும் நேர்கோட்டில் போகவில்லை. செலினியம் குறைந்த உணவில் அந்த எலிகளுக்கு உடல் பெருத்தது, ஈரலில் கொழுப்பு சேர்ந்தது, இன்சுலின் ஏறியது. செலினோபுரதம் பி இல்லாத எலிகளுக்கு வரும் கடுமையான நரம்புப் பாதிப்போ இவற்றுக்கு வரவில்லை. லையேஸ் இல்லாமலும் செலினியம் ஏதோ ஒரு வழியில் போய்ச் சேருகிறது. அந்த வழியில் மைட்டோகாண்ட்ரியாவின் என்.எஃப்.எஸ்.1-க்குப் பங்கு உண்டா என்பது என்னைப் போன்றவர்களுக்கு ஆவலைத் தூண்டும் கேள்வி.

உங்கள் வழிகாட்டி சம்மதித்தால் ஒரு யோசனை. அடுத்த 50 மைக்ரோகிராமுக்குக் கொடுக்கும் பணத்தில், இந்த மரபணு உள்ள பிளாஸ்மிடையும் (பாக்டீரியாவுக்குள் செலுத்தும் வளைய டி.என்.ஏ.), மரபணுவில் மாற்றம் செய்ய ஒரு ஜோடி ப்ரைமரையும் (சிறு டி.என்.ஏ. துண்டுகள்) வாங்கிவிடலாம். மனித என்சைமை நீங்களே செய்யுங்கள். கூடவே 146-இல் லைசின் வைத்த மாற்றுருவையும் செய்யுங்கள். ஒரே நாளில், ஒரே நிக்கல் குழாய், ஒரே பஃபர் என்று இரண்டையும் பிரித்தெடுத்து, இரண்டுக்கும் சிஸ்டீனைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு டியூப் இன்று நீங்கள் கண்டது போலத் தெளிவாகவே இருக்கும், பக்கத்து டியூப் லெட் அசிடேட் விழுந்ததும் கறுக்கும்.